பால்காரர் பிளே ஸ்டோரில் என்ன தட்டுவார்?

ஆப் எழுதுகிறவர்கள் அதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: 'ஆப் தயார், யாரும் சீண்ட மாட்டேன் என்கிறார்கள்.' நானும் பத்து வருடத்துக்கு மேலாக ஆப் எழுதிப் பிழைக்கிறவன், என் முதல் இரண்டு ஆப்களை என் வீட்டுக்காரர்களே திறந்து பார்த்ததில்லை. அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

பால் ஊற்றுகிறவர்கள் வீட்டுவாரியாகக் கணக்கு எழுதி, மாசக் கடைசியில் பில் அனுப்புவதற்கு ஓர் ஆண்ட்ராய்டு ஆப் செய்திருக்கிறேன். ஏழு மாத உழைப்பு. பிளே ஸ்டோரில் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, 43 டவுன்லோட், அதில் இருபது பேராவது சொந்தக்காரர்கள். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. கூகுளில் விளம்பரம் கொடுக்கட்டுமா, ஃபேஸ்புக்கிலா?
*— ஒரு டெவலப்பர், ஈரோடு*

இரண்டும் வேண்டாம். பணம் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும், அதை எப்போது எடுக்கலாம் என்று கீழே மதுரை நண்பர்களுக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய லிங்க்கில் போய்ப் பார்த்தேன். பெயரைக் கேட்டால் ஏதோ வயிற்றுவலி மாத்திரை மாதிரி இருக்கிறது, அதில் பாலும் இல்லை, கணக்கும் இல்லை. உங்கள் தெருவில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கேனை மாட்டிக்கொண்டு வருகிறாரே, அவர் யாரோ சொன்னதைக் கேட்டு 'போனிலேயே கணக்கு எழுதலாமாமே' என்று பிளே ஸ்டோரைத் திறக்கிறார் என்று வையுங்கள். தேடும் இடத்தில் என்ன தட்டுவார்? 'பால் கணக்கு' என்று தட்டுவார். தமிழ் கீபோர்டு இல்லாவிட்டால் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார், அதிலும் பாலுக்கு ஒரு 'ஏ' போடுவாரா இரண்டு போடுவாரா என்பது அவர் இஷ்டம். அவருடைய பையன் தேடினால் 'மில்க் அக்கவுண்ட்', 'மில்க் டைரி'. தட்டவே பிடிக்காமல் மைக்கை அழுத்திச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எதைப் போட்டாலும் உங்கள் ஆப் வரவில்லை. நானே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன், விரல் வலிக்கும்வரை தள்ளியும் காணோம்.

ஆப்பின் பெயருக்கு கூகுள் பிளே கொடுப்பது 30 எழுத்து. முன்பு 50 இருந்தது, 2021-இல் குறைத்துவிட்டார்கள். தமிழில் எழுதினால் இந்த முப்பது இன்னும் சீக்கிரம் தீரும், ஏனென்றால் 'பால்' நம் கண்ணுக்கு இரண்டெழுத்து, கணினி எழுத்தை எண்ணுகிற யூனிகோடு கணக்கில் நான்கு. காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'பால் கணக்கு' என்பதற்கே இடைவெளியோடு சேர்த்து 11 போய்விடும். போகட்டும், முதலில் அதை வையுங்கள், மிச்சம் இருக்கிற இடத்தில் உங்களுக்குப் பிடித்த அந்த மாத்திரைப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 'நம்பர் 1', 'பெஸ்ட்', 'இலவசம்' போன்றவற்றைப் பெயரில் போட அனுமதி இல்லை. பெயருக்கு அடுத்து 80 எழுத்தில் சுருக்கம், 4,000 எழுத்தில் முழு விளக்கம். கூகுள் இந்த விளக்கத்தையும் படித்துத்தான் தேடலில் காட்டுகிறது. ஆப்பிளில் கதை வேறு, அங்கே தேடுசொற்களுக்கென்று 100 எழுத்துக்குத் தனிப்பெட்டி இருக்கிறது. பிளே ஸ்டோரில் அப்படிப் பெட்டி கிடையாது என்பதால் சிலர் விளக்கத்திலேயே 'பால் பால் பால்' என்று நாற்பது முறை எழுதிவைக்கிறார்கள். அது விதிமீறல். பால்காரரிடம் பேசுகிற மாதிரி எழுதினாலே தேவையான சொற்கள் தானாக வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் என்று பிளே கன்சோலில் (நீங்கள் ஆப்பை ஏற்றுகிற இடம்) தனித்தனியாகக் கொடுக்க முடியும், நீங்கள் ஆங்கிலம் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள்.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட். முதல் படமே லாகின் பக்கம்! லாகின் பண்ணிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு யாராவது ஆப் தேடுவார்களா? முதல் படத்தில் மாசக் கடைசி பில் வர வேண்டும். 'மாடி வீட்டு அக்கா, 27 நாள், பழைய பாக்கி 120' என்று பெரிய எழுத்தில் தெரிந்தால், பால்காரருக்கு விளக்கமே வேண்டாம்.

அளவு 68 எம்பி. கணக்கு எழுதுகிற ஆப்புக்கு எதற்கு இத்தனை என்று திறந்து பார்த்தேன், ஆரம்பத்தில் ஒரு மாடு தலையாட்டிக்கொண்டு வருகிறது. அழகான மாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆப் 6 எம்பி பெருத்தால் இன்ஸ்டால் செய்கிறவர்கள் விகிதம் 1 சதவீதம் குறைகிறது என்று கூகுள் பிளே ஆட்களே 2017-இல் எழுதியிருக்கிறார்கள். பால்காரர் போனில் குட்மார்னிங் படங்களும் கோயில் திருவிழா வீடியோவும் போக மிச்ச இடம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாட்டை அவிழ்த்து விடுங்கள்.

மாடு போனதும் ஓடிபி கேட்கிறது, ஓடிபி வந்ததும் போனில் உள்ள பெயர்களையெல்லாம் படிக்க அனுமதி கேட்கிறது. ஒரு வீட்டுக் கணக்கைக்கூட எழுதும் முன்பே இத்தனை கேட்டால் மனிதர் பயந்துதான் போவார். எண் கேட்பதை, பில் அனுப்பும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இதெல்லாம் விளம்பரமா என்று கேட்பீர்கள். காசில்லாத டெவலப்பருக்கு முக்கால்வாசி விளம்பரம் இதுதான், எல்லாம் நீங்களே கையால் மாற்றக்கூடியவை.

மீதிக் கால்வாசிக்கு வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். பக்கத்து ஊர்ப் பால் சொசைட்டிக்குக் காலையில் போங்கள், ஊற்றி முடித்துவிட்டு டீ குடிக்க நிற்கிற நேரமாகப் பார்த்து. பத்துப் பேரிடம் பேசி, அவரவர் போனில் நீங்களே போட்டுக் கொடுங்கள், போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். இந்த வாயை மூடுவதுதான் கஷ்டம். வாடகைப் பாத்திரக் கடைகளுக்காக நான் ஓர் ஆப் எழுதியபோது, ஒரு கடைக்காரர் அண்டா எண்ணிக்கையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், சேமிக்கிற பட்டனை அழுத்தவே இல்லை. நான் அங்கே பழைய ஃபிளாப்பி டிஸ்க் படம் வைத்திருந்தேன். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டால், 'இந்தச் சதுரம் டிவிதானே தம்பி, அதை எதுக்கு அமுக்கணும்?' என்றார். அன்றைக்கு ராத்திரியே அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு 'எழுதியாச்சு' என்று எழுத்தில் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் மச்சானுக்கும், பந்தல் போடுகிற சிநேகிதருக்கும் சொன்னார். புரியாத பொருளை யாரும் இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய மாட்டார்கள், தன் பெயர் கெடும் என்ற பயம் இருக்கும் இல்லையா.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆப் மாசக் கடைசியில் வாட்ஸ்அப்பில் பில் அனுப்புகிறது, அதன் அடியில் ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு வரி போட்டு லிங்க் கொடுங்கள். 1996-இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கியபோது, போகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் 'இலவச மெயில் இங்கே' என்று ஒரு வரி சேர்த்தார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கும்போது பல லட்சம் பேர் அதில் இருந்தார்கள். உங்களுக்கு அந்த அளவுக்கு நடக்காது, பால் வாங்குகிறவர்கள் எல்லோரும் பால் ஊற்றுகிறவர்கள் இல்லையே. ஆனால் அறுபது வீட்டில் ஒரு வீட்டுக்காவது பேப்பர் போடுகிற, தண்ணீர் கேன் போடுகிற, கேபிள் வசூலுக்குப் போகிற சொந்தக்காரர் இருப்பார். அவர்களுக்கும் இதே கணக்குதான்.

மார்க்கெட்டிங் எதுவும் செய்யாமலே ஃபிளாப்பி பேர்டு என்ற போன் விளையாட்டு உலகம் முழுக்க ஓடியதே, நல்ல ஆப்பாக இருந்தால் தானாகப் போகாதா?
*— சேலம் வாசகர்*

போகும், லாட்டரியும் விழும். வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் ஃபிளாப்பி பேர்டை வெளியிட்டது 2013 மே மாதம். அது உச்சிக்குப் போனது 2014 ஜனவரியில். நடுவில் எட்டு மாதம் அது எங்கே கிடந்தது என்று யாருக்கும் அக்கறை இல்லை. போன வேகத்தில், தொல்லை தாங்க முடியாமல், பிப்ரவரியில் அவரே கடையிலிருந்து எடுத்துவிட்டார். இதிலிருந்து நாம் திருப்பிச் செய்து பார்க்கக் கூடியது ஒன்றுமே இல்லை.

கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் வேர்டில் என்ற ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பாருங்கள், அப்போது அது ஆப்கூட இல்லை, வெறும் இணையப் பக்கம். ஜோஷ் வார்டில் செய்தது. 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர், இரண்டு மாதம் கழித்து மூன்று லட்சம் பேர். நடுவில் அவர் ஓர் அருமையான காரியம் செய்தார். ஆடுகிறவர்கள் சிலர் தங்கள் முடிவைப் பச்சை, மஞ்சள் கட்டங்களாகத் தாங்களே தட்டித் தட்டிப் பகிர்வதைப் பார்த்து, அதையே ஒரு பட்டனாக ஆக்கிவிட்டார். விடையைச் சொல்லாமல் பெருமையை மட்டும் அடித்துக்கொள்ளலாம். பார்க்கிறவனுக்கோ இது என்ன கட்டம் என்று குறுகுறுக்கும். உங்கள் ஆப்பிலிருந்து மக்கள் எதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். எதையுமே அனுப்பவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரு யூடியூப் சேனலுக்கு 15,000 ரூபாய் கொடுத்து எங்கள் வீட்டுச் செலவுக் கணக்கு ஆப்பைப் பற்றி வீடியோ போட வைத்தோம். இரண்டே நாளில் 4,000 டவுன்லோட், துள்ளிக் குதித்தோம். ஒரு வாரத்தில் 3,600 பேர் அழித்துவிட்டார்கள். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
*— இரு நண்பர்கள், மதுரை*

இல்லை. கூட்டத்தைக் கூட்டி வருவது அவர் வேலை, வந்துவிட்டது. பந்தியில் உட்கார வைத்த பிறகு சோறு வேகவில்லை என்றால் அவரை எப்படிக் குறை சொல்வது?

முதலில் பிளே கன்சோலில் 'ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ்' பக்கத்தைத் திறந்து அந்த இரண்டு நாளைப் பாருங்கள். உங்கள் இருவர் போனிலும் ஒழுங்காக ஓடிய ஆப், நாலாயிரம் பேருடைய நாலாயிரம் விதமான போனில் எப்படி ஓடியது? ஒருநாளில் பயன்படுத்துகிறவர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் கிராஷைப் (ஆப் திடீரென்று மூடிக்கொள்வதை) பார்த்தாலோ, 0.47 சதவீதத்துக்கு மேல் ஆப் உறைந்துபோவதைப் பார்த்தாலோ, கூகுள் உங்கள் ஆப்பைத் தேடலில் பின்னுக்குத் தள்ளக்கூடும். அதாவது, காசு கொடுத்துக் கூட்டத்தை வரவழைத்து, அந்தக் கூட்டத்தாலேயே இலவசமாக வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பேரையும் இழக்கலாம். எனக்கு இது நடந்திருக்கிறது, என் விஷயத்தில் குறிப்பிட்ட ஒரு பழைய மாடல் போனில் மட்டும் தேதியைத் தொட்டால் ஆப் செத்துவிடும். அந்த போனை வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த வாரம்தான் வந்து சேர்ந்தார்கள்.

கிராஷ் இல்லை என்றால் ஆள்தான் தப்பு. புது ஆப், புது போன் என்று காட்டுகிற சேனலைப் பார்க்கிறவர்கள் எதைக் காட்டினாலும் போட்டுப் பார்த்துவிட்டு அழிக்கிறவர்கள். அது அவர்கள் பொழுதுபோக்கு. சம்பளம் வந்த பத்தாம் நாளே கை கடிக்கிறது என்று கவலைப்படுகிறவர்கள் பார்க்கிற சேனல் வேறு, பெரும்பாலும் சின்ன சேனலாக இருக்கும், குறைவாகக் கேட்பார்கள். அடுத்த முறை ஒவ்வொரு இடத்துக்கும் தனி லிங்க் கொடுங்கள். பிளே ஸ்டோர் லிங்க்கின் வாலில் அடையாளம் சேர்த்துவிட்டால், யார் எங்கிருந்து வந்தார்கள், யார் தங்கினார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம்.

இப்போது ஈரோட்டுக்காரருக்குத் தருவதாகச் சொன்ன பதில். விளம்பரத்துக்குப் பணத்தை எடுக்க என் சொந்தக் கணக்கு, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது: காசு செலவழிக்காமல் வந்த நூறு பேரில் பதினைந்து பேராவது முப்பதாம் நாள் ஆப்பைத் திறக்க வேண்டும். அதுவரைக்கும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலைதான். அது தாண்டியபின் கூகுளில் ஆப் விளம்பரம் கொடுத்தால், 'இன்ஸ்டால்' என்பதை இலக்காக வைக்காதீர்கள். இன்ஸ்டால் வேண்டும் என்று சொன்னால் அந்த இயந்திரம் கண்டதையும் இன்ஸ்டால் செய்கிற ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தும், சொன்னதைத்தானே செய்யும் பாவம். அதற்குப் பதிலாக ஆப்புக்குள் நடக்கிற ஒரு செயலை இலக்காக வைக்கலாம். பால் ஆப் என்றால் முதல் பில் அனுப்புவது, உங்களுக்கு மூன்றாம் நாள் செலவு எழுதுவது. ஒரு ஆளுக்கான செலவு கூடுதலாகத்தான் வரும். சின்ன ஆப்பில் அப்படிச் செய்கிறவர்கள் கொஞ்சம் பேரே இருப்பதால் இயந்திரம் கற்றுக்கொள்ளவும் நாளாகும், பொறுமை வேண்டும்.

டெலிகிராமில் ஒருவர் 1,500 ரூபாய்க்கு நூறு ஐந்து நட்சத்திர ரிவியூ தருகிறேன் என்கிறார். போட்டியாளர்கள் எல்லோரும் வாங்குவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா?
*— கோவை வாசகர்*

வேண்டாம். விதிப்படி தப்பு, பிடிபட்டால் ரிவியூவும் போகும், ஆப்பும் போகலாம். இன்னொரு சங்கதியும் இருக்கிறது: 2021 நவம்பரிலிருந்து கூகுள் பிளே ரேட்டிங்கை நாடு வாரியாகக் காட்டுகிறது. அவர் எந்த நாட்டுக் கணக்குகளை வைத்து நட்சத்திரம் போடுகிறாரோ, அந்த நாட்டில்தான் நீங்கள் சூப்பர் ஸ்டார்.

நேர்வழி இருக்கிறது. ஆப்பை விட்டு வெளியே போகாமலே நட்சத்திரம் கேட்கிற வசதியை கூகுள் 2020-இல் கொடுத்துவிட்டது. ஆனால் 'ஆப் பிடித்திருக்கிறதா?' என்று முதலில் கேட்டு, ஆமாம் என்றவர்களை மட்டும் நட்சத்திரம் போட அனுப்புகிற தந்திரம் கூடாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆப்பிள் இன்னும் கறார், ஒருவரிடம் 365 நாளில் மூன்று முறைக்கு மேல் நட்சத்திரம் கேட்கிற பெட்டி வராது. ஆகவே எப்போது கேட்கிறோம் என்பதுதான் சூட்சுமம். திறந்தவுடனே கேட்காதீர்கள். வேலை முடிந்து மனிதர் ஒரு பெருமூச்சு விடுகிற கணத்தில் கேளுங்கள்.

ஒற்றை நட்சத்திரம் வந்தால் ராத்திரியில் பதில் எழுத உட்காராதீர்கள், காலையில் எழுதுங்கள். 350 எழுத்துதான் இடம், அதில் சண்டை போட இடம் பத்தாது. 'வேஸ்ட்' என்று ஒரே சொல்லில் எழுதியவரிடம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கேட்டு, சரிசெய்து, சரிசெய்ததைத் திரும்பவும் எழுதிச் சொல்லுங்கள். நட்சத்திரத்தைக் கூட்டிப் போட்டவர்கள் எனக்கே பலர் இருக்கிறார்கள். அவர் மாற்றாவிட்டாலும், இன்ஸ்டால் பண்ணலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் அந்தப் பதிலைப் படிப்பார்.

குரூப் 4 தேர்வுக்கு வினா விடை ஆப் செய்கிறேன். புதுக் கணக்கு என்பதால் 12 பேரை வைத்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியிட முடியும் என்கிறது கூகுள். 12 பேருக்கு எங்கே போவது? காசுக்கு ஆள் தருகிறார்களாமே? ஐபோனிலும் போட வேண்டுமா?
*— கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

தம்பி, 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு வந்த விதி இது. முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில்தான் 12 ஆனது, அந்த வகையில் நீங்கள் பிழைத்தீர்கள். காசுக்கு வருகிற பன்னிரண்டு பேர் ஆப்பைத் திறந்து மூடுவார்கள், ஒரு கேள்வியைக்கூடப் படிக்க மாட்டார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே போங்கள். ஒரே மேசையில் பன்னிரண்டு பேர் கிடைப்பார்கள். தப்பான விடை ஒன்று இருந்தால்கூட அவர்கள் விட மாட்டார்கள், அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டும்.

இந்த மாதிரி ஆப்புக்குப் பருவம் உண்டு. அறிவிப்பு வந்த நாளிலிருந்து தேர்வு நாள் வரை தேடுவார்கள், அப்புறம் ஈ ஓடும். அறிவிப்பு வந்த பிறகு கடை திறந்தால் பாதித் திருவிழா முடிந்திருக்கும், முன்பே போட்டு, முன்பே நாலு நல்ல ரிவியூ வாங்கி வைத்திருங்கள். ஐபோன் இப்போது வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு ஒருமுறை 25 டாலர் கட்டினால் முடிந்தது, ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர். அந்தக் காசுக்கு நூலக மேசைக்கு எத்தனை டீ வாங்கிக் கொடுக்கலாம்.

என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஆப் பண்ணுகிறேன் என்று ஒரு வருடமாக அறைக்குள்ளேயே இருக்கிறான். கேட்டால் 'இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி, அப்புறம் மார்க்கெட்டிங்' என்கிறான். இது உருப்படுமா?
*— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்*

ஆப்பைப் பார்க்காமல் உருப்படுமா என்று சொல்ல முடியாது அம்மா. 'இன்னும் கொஞ்சம் வேலை' என்பதை நானும் மூன்று வருடம் சொல்லியிருக்கிறேன். வேலை பாக்கி என்பது பாதி உண்மை, வெளியே காட்டினால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்பது மீதி.

இப்படிச் செய்யுங்கள். இருக்கிற நிலையிலேயே அதை உங்கள் போனில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அரைமணி நேரம் நீங்கள் பாட்டுக்குத் தொட்டுப் பாருங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், பேசவோ கையை நீட்டவோ கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். முப்பது வருடம் வகுப்பறையில் பார்த்தவர் நீங்கள், எந்த இடத்தில் புரியவில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தெரியும். சிவப்பு மையில் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள். மறுநாள் அவன் அந்தப் பேப்பரோடு அறைக்குள் போனால், ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரின் போனையும் வாங்கிக் கொடுங்கள்.